பெங்களூரில் எம்.பி.ஏ.: தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரும். "அக்கா, பெங்களூரில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. அப்பா உங்களிடம் பேசச் சொன்னார்." மதுரைப் பக்கத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு பொறியியல், பெங்களூரில் நான்காண்டு மென்பொருள் வேலை, அதன்பின் இதே ஊரில் இரண்டாண்டு எம்.பி.ஏ. என்று வந்தவள் நான். எங்கள் சொந்தத்தில் இந்த வழியில் முதலில் வந்தவள் என்பதால் என் எண் தூரத்து உறவுகள் வரை போயிருக்கிறது. ஒரே பதிலைப் பதினைந்தாவது முறை சொல்லும்போது குரலில் சலிப்புத் தட்டுகிறது. கேட்பவருக்கோ அது முதல் முறை. அது நியாயமில்லை என்பதால் எழுதிவைத்துவிட்டேன்.

சேர்வதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன படித்துவைக்கலாம்?

முதலில் தூங்குங்கள். முதல் பருவத்தில் அது கிடைக்காது.

மிச்ச நேரத்தில் எக்செல் கொஞ்சம், கணக்குப்பதிவியல் கொஞ்சம். கணக்கைப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். தெரிந்த ஒரு கடையில் தொடங்குங்கள். என் பெரியப்பாவுக்கு இரும்புக்கடை. ஆண்டு முடிவில் ஆடிட்டர் லாபம் என்று ஒரு தொகை காட்டுவார், பெரியப்பா கல்லாவைக் காட்டி, "எங்கே இருக்கிறது அந்த லாபம்?" என்று கேட்பார். வாங்கிய கம்பி விற்க ஒரு மாதம் ஆகும். வீடு கட்டும் கான்ட்ராக்டர்கள் பணம் தர மூன்று மாதம் ஆகும். ஆனால் ஆலைக்கு அவர் ஒரே மாதத்தில் கட்டியாக வேண்டும். நடுவே மூன்று மாதம் அவர் கைக்காசுதான் ஓட வேண்டும். பல ஆண்டுகள் பெரியம்மாவின் நகைதான் ஓடியது. நடைமுறை மூலதனம் என்று முதல் பருவத்தில் அட்டவணை போட்டுக் கற்பிப்பது இதைத்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து, எதை எத்தனை நாள் கடனில் வாங்குகிறார், எத்தனை நாள் கடனில் விற்கிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். போதும்.

20 லட்சம் கடன் வாங்கவேண்டியிருக்கிறது. துணியலாமா?

துணிவது அப்புறம், முதலில் கூட்டிப் பாருங்கள். 20 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 26,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 31.7 லட்சம் போயிருக்கும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்வதைப் பலர் வட்டியே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். பின்னால் சுமை குறையும்.

இன்னொரு செலவைக் கட்டண ரசீதில் பார்க்க முடியாது. இப்போது ஆண்டுக்கு 8 லட்சம் வாங்குகிறீர்கள் என்றால், இரண்டு ஆண்டு வாங்காமல் விடும் 16 லட்சமும் படிப்பின் விலைதான். கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இத்தனையும் கூட்டிய பிறகு, குறைந்தபட்சம் எவ்வளவு சம்பளம் வந்தால் கடனும் கட்டி, வீட்டுக்கும் அனுப்பி, சாப்பிடவும் முடியும் என்று ஓர் எண்ணை எழுதி வையுங்கள். வளாக நேர்காணல் வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஆசைப்படும்போது அந்த எண் உங்களைக் காப்பாற்றும்.

கல்லூரி சொல்லும் சராசரிச் சம்பளத்தை அப்பா நம்பலாமா?

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 20 லட்சம், ஒருவருக்கு ஒரு கோடி. சராசரி 28 லட்சம். அந்த 28 லட்சத்தை வாங்கியவர் யாருமே இல்லை! எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது 20. அந்த நடு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, எத்தனை பேர் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள் என்றும் கேளுங்கள். மேலும், ஆண்டுச் சம்பளம் என்று சொல்லும் தொகையில் சேரும்போது ஒருமுறை தரும் பணம், கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். கைக்கு வருவது வேறு.

உடன் படிப்பவர்கள் எல்லாம் ஐ.ஐ.டி. என் ஆங்கிலமும் சுமார். வகுப்பில் எப்படிப் பேசுவேன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

நான் முதல் ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை. மனதில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் கட்டி, ஆங்கிலத்துக்கு மாற்றி, இலக்கணம் சரிபார்த்து முடிப்பதற்குள் விவாதம் நான்கு ஊர் தாண்டிப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கட்டணத்தை வகுப்பு நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. இவ்வளவு கொடுத்து ஊமையாக உட்காருவதா என்று வயிறு எரிந்தது. மறுநாள் கணக்கு வகுப்பில் கையைத் தூக்கினேன். தேய்மானம், அதாவது இயந்திரங்கள் பழசாகி ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பு, ஒரு செலவு என்றால் அதைப் பணப்புழக்க அறிக்கையில் ஏன் திரும்பக் கூட்டுகிறோம் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பேராசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்களைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றும் தவறு. (விடை எளியது: லாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானத்தைக் கழித்துவிட்டோம், ஆனால் பணம் வெளியே போகவில்லை, ஆகவே கையில் உள்ள பணத்தை அறியத் திரும்பக் கூட்டுகிறோம்.)

அன்று எனக்குப் புரிந்தது தேய்மானம் மட்டும் இல்லை. தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. வேலைக்குப் போன பிறகு "எனக்கு இது தெரியாது" என்று சொல்வதற்கு விலை இருக்கிறது. பதவி உயர்வு நேரத்தில் யாராவது அதை நினைவு வைத்திருப்பார்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் அதற்கான விலையை முன்கூட்டியே கட்டிவிட்டீர்கள். எந்தப் பாடத்திலும், எந்தக் குழுவிலும், எந்த விருந்தினர் உரையிலும் புரியாததைக் கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எல்லாம் இதற்கு அடுத்துதான்.

ஒரு சின்ன வழி: வகுப்புக்கு முன்னால் ஒரே ஒரு கருத்தையோ கேள்வியையோ இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரம் ஆக ஆக நெஞ்சு படபடப்பு கூடும், உங்கள் கருத்தை வேறொருவரும் சொல்லிவிடுவார். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பஞ்சாபிக்கு ஒன்று, வங்காளிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மார்க்குக்காக ஒன்றுமே சொல்லாமல் நீட்டி முழக்குகிறவர்களும் இருப்பார்கள். எங்கள் காலத்தில் அதற்கு 'குளோப்' என்று பெயர். உலகத்தையே சுற்றி வருவார்கள், ஓரிடத்திலும் இறங்கமாட்டார்கள்.

கேஸ் என்றால் என்ன? ஒரு நாளைக்கு மூன்றை எப்படிப் படிப்பது?

முதல் வாரம் வீட்டுக்குப் பேசும்போது "நாளைக்கு இரண்டு கேஸ் இருக்கிறது அம்மா" என்றேன். "யார் மேல்? எதற்கு?" என்று அம்மா பதறிவிட்டார். ஒரு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட நாளில் எதிர்கொண்ட சிக்கலை, அன்று கையிலிருந்த தகவல்களோடு எழுதிவைத்த கதைதான் கேஸ். 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி வளர்த்தெடுத்த முறை. 1961இல் ஹார்வர்டின் உதவியோடு தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். வழியாக இந்தியாவில் வேரூன்றியது.

படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், பிறகு பின்னால் உள்ள அட்டவணைகள், அதற்குப் பின்தான் நடுப்பகுதி. யார் முடிவெடுக்க வேண்டும், எப்போதைக்குள் என்பது முதலிலும் கடைசியிலும் இருக்கும். சிக்கல் அட்டவணையில் இருக்கும். நடுவில் பெரும்பாலும் நிறுவனத்தின் தலபுராணம். படித்து முடித்ததும் "நான் அங்கே இருந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், தவறாக இருந்தாலும் சரி. அந்த வரி இல்லாமல் வகுப்புக்குப் போனால் யார் பேசினாலும் சரியென்றே தோன்றும்.

எனக்கு மறக்காத கேஸ் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. என் பாட்டிக்குக் கண்புரை அறுவை அங்கேதான் நடந்தது. கூடவே இருந்தவள் நான். எனக்கு நினைவில் நின்றது கேன்டீன் இட்லி. நாம் தெருவில் பார்த்த இடத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தாளில் படித்தபோதுதான் நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்று தெரிந்தது. அங்கே மிக அரிய சரக்கு அறுவை மருத்துவரின் நேரம். ஒரு நோயாளிக்கு முடிப்பதற்குள் அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். மற்ற எல்லா வேலையையும் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகள். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட இயலாதவர்களுக்கும் அறுவை நடக்கிறது. உள்ளே வைக்கும் லென்சின் விலை இடித்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். எது தட்டுப்பாடோ அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்கு என்ற பாடத்தை நான் பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கற்றிருக்கலாம்.

மதிப்பெண் முக்கியமா?

முதல் பருவத்தில் ஓரளவு. சில நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைப்பவர்களின் பட்டியலைப் போடும்போது அதைப் பார்க்கும். பல கல்லூரிகளில் ஒப்பீட்டு முறைதான்: நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைவிட மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது முடிவு செய்யும். இதனால் குறிப்புகளை ஒளித்துவைக்கும் வியாதி சிலருக்கு வரும். உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 23 வயதில் சம்பாதித்த கஞ்சன் பட்டம் 40 வயதிலும் பேசப்படுகிறது.

குழுவில் ஒருவர் வேலையே செய்யவில்லை. என்ன செய்வது?

நான் செய்த தவறைச் சொல்கிறேன். அவர் பகுதியையும் சேர்த்து நானே இரவு இரண்டு மணி வரை எழுதினேன், மனதுக்குள் கருவிக்கொண்டே. ஒரு பருவம் முழுக்க இப்படி. கடைசியில் அவருக்கும் எனக்கும் ஒரே மார்க். நான் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம்.

இரண்டாவது கூட்டத்திலேயே நேரில், தனியாக, "இந்தப் பகுதி புதன்கிழமைக்குள் வேண்டும், முடியுமா?" என்று கேளுங்கள். பாதி நேரம் காரணம் சோம்பல் இல்லை. என் குழுவில் அந்த ஆள் எக்செல் தெரியாமல் ஒளிந்துகொண்டிருந்தார் என்பது ஆண்டு முடிவில்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனை கிளப்பில் சேரலாம்?

ஒன்று. ஆசை அடங்காவிட்டால் இரண்டு. பதவிப் பெயருக்காகச் சேர்ந்தால் சுவரொட்டி ஒட்டுவதிலேயே மாலைகள் போகும்.

கோடைப் பயிற்சிக்கு எல்லோரும் கன்சல்டிங் என்கிறார்கள். நானும் அதற்கே போகலாமா?

கன்சல்டிங் என்றால் மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் வேலை. ஜூனில் சேர்ந்தால், பல கல்லூரிகளில் தீபாவளி வாக்கிலேயே அடுத்த கோடைக்கான நேர்காணல் வந்துவிடும். வணிகம் என்றால் என்னவென்றே முழுதாகத் தெரியாத நான்கைந்து மாதத்தில் வாழ்நாள் முடிவு எடுப்பதுபோல் ஒரு பரபரப்பு. வளாகம் முழுக்க ஒரே நிறக் கோட்டு, ஒரே மாதிரிப் பேச்சு. வந்த அன்று ஆளுக்கொரு ஆசையோடு வந்தவர்கள் நவம்பருக்குள் எப்படி ஒரே மூன்று ஆசைக்கு மாறினார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நானும் மந்தையில் நடந்தேன். சீனியர்களோடு பதினொரு மாதிரி நேர்காணல் பழகினேன். எந்த கன்சல்டிங் நிறுவனமும் எடுக்கவில்லை. அன்று இரவு விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்துக் குளியலறையிலும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒரு நுகர்பொருள் நிறுவனம் எடுத்தது. எட்டு வாரம் துமகூரு பக்கம் மளிகைக் கடை கடையாக ஏறி இறங்கினேன். விநியோகஸ்தர் ஏன் புதிய சோப்பை எடுக்க மறுக்கிறார் என்று கண்டுபிடிப்பது என் வேலை. சோப்பில் குற்றம் இல்லை. பழைய சரக்கில் அவர் பணம் முடங்கிக் கிடந்தது. என் பெரியப்பாவின் கதைதான். கன்சல்டிங் கிடைத்திருந்தால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று தெரியாமலே போயிருக்கும். இதனால் கன்சல்டிங் மோசம் என்று சொல்லவில்லை. அதில் பத்து மணி நேரம் தாளும் திரையுமாக உட்காருவது யாருக்குப் பிடிக்குமோ அவர் போகட்டும். போவதற்கு முன், அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் "நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிய கேள்வியைவிட இது அதிகம் சொல்லும்.

படிப்பு வளாகத்துக்குள். பெங்களூரால் என்ன பயன்?

பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஐ.ஐ.எம். வளாகத்தை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். பி.வி. தோஷி வடிவமைத்த கருங்கல் நடைபாதைகள். கொடி படர்ந்த பந்தல்களின் கீழ் நடந்துகொண்டே பேசுவதற்கென்று கட்டியதுபோல் இருக்கும். ஆனால் நான் சொல்ல வருவது வளாகத்துக்கு வெளியே.

ஒரு தர்ஷினிக்கு, அதாவது இந்த ஊரில் நின்றுகொண்டே சாப்பிடும் சிற்றுண்டிக் கடைக்குப் போய், மசால் தோசை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று எண்ணுங்கள். சுமார் 60 பேர் நின்று சாப்பிடுகிறார்கள். ஒருவர் வந்து, டோக்கன் வாங்கி, சாப்பிட்டு, போக 12 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு 5 பேர், மணிக்கு 300 பேர். உள்ளே இருப்பவர் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கியது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. நாற்காலி போட்டால் 12 நிமிடம் 30 ஆகும், அதே இடத்தில் மணிக்கு 120 பேர்தான். நாற்காலி இல்லாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை என்று அப்போது தெரியும்.

விடியற்காலை கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளுக்கும் போங்கள். நம் மொழி அங்கே தாராளமாகக் கேட்கும். முழம் 20 ரூபாய்க்கு எடுத்து 50க்கு விற்கும் அம்மாவுக்கு, பூ போதாமல் போனால் முழத்துக்கு 30 நட்டம். மிஞ்சி வாடினால் 20 நட்டம். 30ஐ, இரண்டு நட்டங்களும் சேர்ந்த 50ஆல் வகுத்தால் 60 சதவீதம். அதாவது பத்தில் ஆறு நாள் போதுமான அளவுக்கு எடுப்பது சரி. நான்கு நாள் "தீர்ந்துவிட்டது கண்ணு" என்று சொல்லவேண்டிவரும். செயல்முறை மேலாண்மையில் இதற்கு ஒரு முழு வகுப்பு உண்டு. அவரிடம் நான் பேசியபோது, "எல்லா நாளும் மிஞ்சினாலும் தப்பு, எல்லா நாளும் தீர்ந்தாலும் தப்பு" என்றார். தேர்வில் அதையே ஆங்கிலத்தில் எழுதினேன்.

பெங்களூரில் தமிழர்களோடே இருந்துவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரைக்குப் போங்கள். பதினெட்டு ஆண்டு துணி மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது, அருகிலேயே தமிழ்ச் சங்கமும். மனசு லேசாகும். மற்ற ஆறு நாள் வேறு ஊர்க்காரர்களோடு சாப்பிடுங்கள். கன்னடமும் கற்றுக்கொள்ளுங்கள், நமக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்த மொழி, மூன்று மாதத்தில் ஆட்டோக்காரரோடு சண்டை போடலாம், ஆறு மாதத்தில் சமாதானமும் ஆகலாம்.

எனக்கு 33 வயது, ஒரு குழந்தை. ஓராண்டுப் படிப்பு போதுமா?

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்பில் பெரும்பாலும் கோடைப் பயிற்சி இருக்காது. துறை மாற நினைத்தால் அது குறைதான். இருக்கும் துறையிலேயே மேலே போக நினைத்தால் குறையில்லை. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை அட்டவணை போட்டு, கணவரோ மனைவியோ மாமியாரோ எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்துவிட்டுச் சேருங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர்கள் யாரும் பார்த்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் எந்தப் பாடங்களை எடுப்பது?

பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆசிரியரைப் பாருங்கள். சீனியர்களிடம் "எந்த வகுப்பில் தூக்கம் வரவில்லை?" என்று கேட்டால் பட்டியல் கிடைத்துவிடும். ஒரே ஒரு பாடத்தை மட்டும் பயப்படுவதற்கென்று எடுங்கள். நான் பேரம் பேசும் பாடத்தை எடுத்தேன். இன்றும் காய்கறிக்காரரிடம் தோற்கிறேன், அலுவலகத்தில் தோற்பதில்லை.

விடுதிக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரை வெயிலிலிருந்து வருகிறவருக்கு ஜூலை இரவே குளிரும். கெட்டியான போர்வை ஒன்று. நேர்காணலுக்குக் காலைக் கடிக்காத ஷூ ஒரு ஜோடி. அதை முன்பே நான்கு முறை போட்டு நடந்து பழகிவிடுங்கள். பருப்புப் பொடி, நல்லெண்ணெய். விடுதிச் சாம்பார் இனிக்கும், வெல்லம் போடுகிறார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. குடை இரண்டு. ஒன்றை முதல் மாதமே யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.